எச்.ஆர்.டி. மாத்திரையால் உடம்புக் கொதிப்பு அடங்கியது, கீழே எரிச்சல் மட்டும் தீரவில்லை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தாமிரபரணிக்கரை எழுதியது:

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். எனக்கு வயது 52, பள்ளி ஆசிரியை. 49 வயதில் மாதவிடாய் முற்றிலும் நின்றது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் இரவில் நாலைந்து முறை வியர்த்து நனைந்து எழுந்திருப்பேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே முகம் தீயாய் எரியும். ஆறு மாதங்களுக்கு முன்பு மருத்துவர் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சையை (எச்.ஆர்.டி.) தொடங்கினார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோடு, கர்ப்பப்பை இருப்பதால் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துக் கொடுத்தார். மூன்றாவது மாதத்திலேயே கொதிப்பு அடங்கித் தூக்கம் திரும்பியது.

ஆனால் பிறப்புறுப்பில் இருக்கும் எரிச்சல் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை, கூடியிருக்கிறது என்றே தோன்றுகிறது. மர நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. சிறுநீர் கழித்த பின் மிளகாய் பட்டதுபோல் பத்து நிமிடம் காந்துகிறது. பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருகிறேன். பூஞ்சைத் தொற்று என்று சொல்லி மூன்று முறை உள்ளே வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர்த் தொற்று என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்த பிறகும் இரண்டாவது முறை கொடுத்தார்கள்.

கடைசியாக உள்ளே போடும் எஸ்ட்ரியால் என்னும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரவு போட்டதும் அப்படி எரிந்தது, எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். மூன்று நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்ததில் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு என்று வரிசையாக இருந்தது. அந்தக் கிரீம் இப்போது குளிர்பெட்டிக் கதவில் கறிவேப்பிலைக் கவருக்குப் பின்னால் கிடக்கிறது.

மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறதே, அங்கே மட்டும் ஏன் போய்ச் சேரவில்லை? கிரீம் எரிவது ஒவ்வாமையா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சித்திரைப்பூ எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கதையைப் படிப்பதுபோலவே இருந்தது. எனக்கு 47 வயதில் நின்றுவிட்டது. "உடம்பில் சூடு, இளநீர் குடி" என்று சொன்னவர்களே அதிகம். நானும் இரண்டு வருடம் இளநீர் குடித்தேன். இப்போது குளித்த பிறகு செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை வெளிப்புறம் மட்டும் தடவுகிறேன், ஓரளவு தாங்குகிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அந்த இடத்தை எதைக் கொண்டு கழுவுகிறீர்கள்? நான் பல வருடங்கள் டெட்டால் கலந்த வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தேன். அதை விட்டதிலேயே பாதி எரிச்சல் போயிற்று.

வெள்ளுடுப்பு எழுதியது:

அன்புச் சகோதரி, நான் 31 ஆண்டுகள் மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் அல்ல, ஆகவே இதைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள்.

யோனியின் உட்சுவர் பல அடுக்குச் செல்களால் ஆனது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை அந்த அடுக்குகள் தடிப்பாகவும் மடிப்பு மடிப்பாகவும் இருக்கும், அந்தச் செல்களுக்குள் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து சேர்ந்திருக்கும். அங்கே வாழும் லாக்டோபாசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 3.5 முதல் 4.5 வரை நிற்கிறது, கெட்ட கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அடுக்குகள் மெலிகின்றன, இரத்த ஓட்டம் குறைகிறது, நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி இல்லாமல் போகிறது, அந்த அளவு 5ஐத் தாண்டுகிறது. சிறுநீர்த் தாரையும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் இதே ஹார்மோனை நம்பியிருப்பவை. அதனால்தான் கிருமியே இல்லாமல் சிறுநீர் எரிச்சலும் அவசரமும் வருகின்றன. இந்த இரண்டு தொல்லைகளும் ஒன்றே என்பதால்தான் 2014இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமும் பெண்களின் பாலியல் நலத்துக்கான பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து, "யோனி மெலிவு" என்ற பழைய பேச்சை விட்டுவிட்டு, பிறப்புறுப்பையும் சிறுநீர்ப்பாதையையும் சேர்த்துக் குறிக்கும் ஒரே பெயரை வைத்தன. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. உடம்புக் கொதிப்பு சில ஆண்டுகளில் தானே தணியும். இது அப்படியல்ல, கவனிக்காமல் விட்டால் ஆண்டுக்கு ஆண்டு கூடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. வாய்வழி மாத்திரையின் அளவு, கொதிப்பையும் எலும்பையும் கணக்கில் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. ஏற்கெனவே மெலிந்து, இரத்த ஓட்டம் குறைந்துபோன ஒரு திசுவை மீட்பதற்கு அந்த அளவு எல்லோருக்கும் போதுவதில்லை. எச்.ஆர்.டி. எடுக்கும் பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பேருக்குக் கீழே உள்ள அறிகுறிகள் அப்படியே நிற்கும், அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தும் சேர்த்தே தரப்படுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடியவைதான்.

கிரீம் எரிவதைப் பற்றிச் சொல்வதற்கு முன் நான் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா, உண்டென்றால் என்ன மாத்திரை? சித்திரைப்பூ கேட்டதுபோல், எதைக் கொண்டு கழுவுகிறீர்கள்? கடைசியாக, இந்த ஆறு மாதத்தில் யாராவது உங்களைப் படுக்க வைத்து, விளக்கு வைத்துப் பார்த்தார்களா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

உங்கள் மூன்றாவது கேள்வியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை, அம்மா. மூன்று மருத்துவர்களிடம் போனேன். மூவருமே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். நானும் பார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை, பார்க்காமல் விட்டதே நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

சர்க்கரை நோய் ஏழு வருடமாக இருக்கிறது. போன ஆண்டிலிருந்து பழைய மாத்திரையோடு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார்கள். கழுவுவது ஒரு மூடி டெட்டாலும் வெந்நீரும், காலை மாலை இரண்டு வேளையும். எரிச்சல் கூடக் கூடக் கூடுதலாகக் கழுவினேன், அசுத்தத்தால்தான் இப்படி வருகிறது என்று நினைத்து.

வெள்ளுடுப்பு எழுதியது:

முதலில் டெட்டாலை இன்றே நிறுத்திவிடுங்கள். சோப்பு, வாசனைத் திரவம், "பெண்களுக்கானது" என்று விற்கும் கழுவும் திரவங்கள் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். உள்பக்கம் பீய்ச்சிக் கழுவவே கூடாது. மெலிந்த தோலில் கிருமிநாசினி படுவது, உரிந்த முழங்காலில் அதை ஊற்றுவதற்குச் சமம்.

இரண்டாவது, அந்தச் சர்க்கரை மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. சிறுநீர் படும் இடமெல்லாம் சர்க்கரை படுகிறது, அது பூஞ்சைக்கு விருந்து. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று இம்மருந்துகளின் நன்கு அறியப்பட்ட பக்க விளைவு. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்து விலை இறங்கிய பிறகு நம் ஊரில் அது பலருக்கும் எழுதப்படுகிறது. ஆனால் மகளிர் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. சர்க்கரை மருத்துவர் கீழே எரிகிறதா என்று கேட்பதும் அரிது. இந்த மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை, எனவே நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடமே பேசுங்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மாதவிடாய் நின்று ஹார்மோன் எதுவும் எடுக்காத, சர்க்கரை நோய் இல்லாத பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று வருவது குறைவு, ஏனென்றால் பூஞ்சைக்கு வேண்டிய கிளைக்கோஜன் அங்கே இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் அரிப்பு என்று வந்ததும் பார்க்காமலே பூஞ்சை மருந்து கொடுப்பது பெரும்பாலும் தவறான குறியில் அம்பு விடுவதாகத்தான் முடியும். உங்கள் நிலை வேறு. எச்.ஆர்.டி. தொடங்கியதால் கிளைக்கோஜன் கொஞ்சம் திரும்பியிருக்கும், சர்க்கரை நோயும் இருக்கிறது, அதோடு இந்த மாத்திரையும் இருக்கிறது. உங்களுக்கு மெலிவும் பூஞ்சையும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். பூஞ்சையால் சிவந்து வெடித்த தோலில் எந்தக் கிரீமைப் போட்டாலும் எரியத்தான் செய்யும். அதனால் கிரீமை இப்போதைக்குக் குற்றம் சொல்லவும் முடியாது, நல்லது என்று சான்று தரவும் முடியாது. பெண் மருத்துவர் ஒருவரைத் தேடி, "என்னைப் பரிசோதித்துப் பாருங்கள், கசிவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். எழுதி எடுத்துக்கொண்டு போய் வாசித்தாலும் தவறில்லை.

வடமராட்சியாள் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இருபத்தைந்து வருடமாக லண்டனில் இருக்கிறேன். எனக்கும் இரண்டு வருடத்துக்கு முன் இதே பிரச்சினை வந்தது. ஹார்மோன் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன், கொதிப்பு நின்றது, கீழே வறண்டு நொந்தது. வைத்தியர் முதலில் கிரீம்தான் தந்தார். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கிரீமில் ஹார்மோன் மட்டும் இருப்பதில்லை, கெட்டுப்போகாமல் இருக்கவும் குழைவாக இருக்கவும் சேர்க்கும் வேறு பொருட்களும் இருக்கின்றன, சில கிரீம்களில் புரொப்பிலீன் கிளைக்கால், சிலவற்றில் குளோர்ஹெக்சிடின். சிலருடைய தோலுக்கு ஈஸ்ட்ரோஜன் பிரச்சினையே இல்லை, அந்தச் சேர்மானம்தான் பிரச்சினை. எனக்கு உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடயோல் (இதுவும் ஈஸ்ட்ரோஜன்தான்) குளிசைக்கு மாற்றித் தந்தார்கள், எரியவில்லை. இங்கே 2022இலிருந்து 50 வயது நிறைந்து, குறைந்தது ஒரு வருடம் மாதவிடாய் வராத பெண்களுக்கு அதே 10 மைக்ரோகிராம் குளிசை மருந்துச்சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கிடைக்கிறது. மருந்தாளர் சில கேள்விகள் கேட்ட பிறகுதான் தருவார்.

அந்தத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கும் அதைப் படித்து ஒரு மாதம் பயத்திலேயே போனது. விழுங்கும் மாத்திரைக்கு எழுதிய எச்சரிக்கையையே உள்ளே வைக்கும் சிறு அளவு மருந்துக்கும் வரிக்கு வரி அச்சடித்து வைத்திருந்தார்கள். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மெனோபாஸ் ஹார்மோன் மருந்துகளின் மேலிருந்த இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எடுப்பதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவர் துணை ஹார்மோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் உடம்பு முழுவதற்குமான அளவில் எடுப்பதால் கர்ப்பப்பை உட்சுவருக்கு வரும் ஆபத்து பற்றிய எச்சரிக்கையை மட்டும் வைத்திருக்கிறார்கள். பழைய தாள்கள் கடைகளில் இன்னும் வெகு காலம் இருக்கும்.

நொய்யல் எழுதியது:

எல்லோரும் ஹார்மோனையே பரிந்துரைப்பதைப் பார்த்து மனம் கேட்காமல் எழுதுகிறேன். என் நாத்தனார் ஹார்மோன் மாத்திரை எடுத்தவர். அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து இறந்துவிட்டார். இயற்கையாக நின்றுபோன ஒன்றை மாத்திரை போட்டுத் திரும்ப வரவழைப்பது சரியா? தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிறது, கற்றாழை இருக்கிறது. நம் பாட்டிகளுக்கெல்லாம் இது வந்திருக்காதா, அவர்கள் எந்தக் கிரீமைப் போட்டார்கள்? சகோதரி பயந்து நிறுத்தியது சரி என்றே எனக்குப் படுகிறது.

வெள்ளுடுப்பு எழுதியது:

நொய்யல் சகோதரி, உங்கள் நாத்தனாரின் இழப்புக்கு வருந்துகிறேன். உங்கள் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று, பெண்கள் நல முன்னெடுப்பு என்பது அதன் பெயர், பாதியில் நிறுத்தப்பட்டது. 16,608 பெண்கள், சராசரி வயது 63, ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டின் ஒன்றும் சேர்ந்த வாய்வழி மாத்திரை. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்தது. அந்தக் கூடுதல் உண்மையானது, அதை மறைத்துப் பேசக் கூடாது. வாய்வழிக் கூட்டு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் மருத்துவரோடு ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வேண்டும், மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் நாம் பேசுவது உள்ளே வைக்கும் சிறு அளவைப் பற்றி. வடமராட்சியாள் சொன்ன 10 மைக்ரோகிராம் மாத்திரையையே எடுத்துக் கணக்குப் போடுவோம். முதல் இரண்டு வாரம் தினமும் ஒன்று, பதினான்கு. மிச்சம் ஐம்பது வாரத்துக்கு வாரம் இரண்டு, நூறு. ஆக ஓர் ஆண்டுக்கு 114 மாத்திரை, மொத்தம் 1.14 மில்லிகிராம். விழுங்கும் எஸ்ட்ரடயோல் மாத்திரை ஒன்றே 1 அல்லது 2 மில்லிகிராம் இருக்கும். ஓராண்டு முழுதும் உள்ளே வைப்பது, 1 மில்லிகிராம் மாத்திரையை ஒரே ஒரு நாள் விழுங்குவதற்குச் சற்றே கூடுதல். இரத்தத்தில் அதன் அளவு மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இயல்பாக இருக்கும் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அதே பெண்கள் நல முன்னெடுப்பில் மருந்து கொடுக்காமல் கவனித்து மட்டும் வந்த 45,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவை 2018இல் ஆராய்ந்தபோது, யோனியில் ஈஸ்ட்ரோஜன் பயன்படுத்தியவர்களுக்கு மார்பகப் புற்றுநோயோ, கர்ப்பப்பைப் புற்றுநோயோ, மாரடைப்போ கூடியதாகத் தெரியவில்லை.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், 302 பெண்களைப் பிரித்துச் சிலருக்கு எஸ்ட்ரடயோல் மாத்திரையும், சிலருக்கு ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்பும், சிலருக்கு மருந்தே இல்லாத ஜெல்லும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் மூன்று பிரிவினருக்கும் தொல்லை ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. எனவே ஹார்மோன் வேண்டாம் என்பவர், வாரம் இரண்டு மூன்று முறை உள்ளே போடும் ஹையலூரோனிக் அமில ஜெல் போன்ற ஒன்றில் தொடங்குவது முற்றிலும் சரி. மிதமான வறட்சிக்குப் பலருக்கு அதுவே போதும். தோல் வெடித்து, சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரும் நிலைக்கு அது போதுவதில்லை என்பது நான் கண்ணால் பார்த்தது. செடியிலிருந்து கீறி எடுத்த கற்றாழையை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். அதன் மஞ்சள் பால் பட்டுப் புண்ணாகி வந்தவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

பாட்டிமாரும் அனுபவித்துத்தான் இருப்பார்கள். சொல்லவில்லை, அவ்வளவுதான். எண்பது வயதில் மூத்திரக்கடுப்பு என்று வந்து, பத்து வருடமாக எரிகிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்ன பாட்டிகள் எத்தனையோ பேர்.

மாலைமல்லி எழுதியது:

நான் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து நான்கு வருடமாக லெட்ரோசோல் எடுக்கிறேன். அந்த மாத்திரை உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் துடைத்துவிடுவதால் எனக்கு வறட்சி மிகக் கடுமையாக இருந்தது. என் புற்றுநோய் மருத்துவர் சொன்ன வரிசையை எழுதுகிறேன், என்னைப் போன்றவர்கள் யாராவது படிக்கக்கூடும். முதலில் ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல், விடாமல், குறைந்தது மூன்று மாதம். அதிலும் தீராவிட்டால் மட்டுமே உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றி, மகளிர் மருத்துவரும் அவரும் கலந்து பேசிய பிறகு முடிவெடுப்போம் என்றார். டாமாக்சிஃபென் எடுப்பவர்களைவிட லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் எடுப்பவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும் விளக்கினார். எனக்கு ஜெல்லிலேயே சமாளிக்க முடிகிறது. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கடையில் போய் ஹார்மோன் கிரீம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

காவிரிச்செல்வி எழுதியது:

இரவில் மட்டும் கடுமையாக அரிப்பவர்கள் கவனிக்க வேண்டும். எனக்கு மூன்று வருடம் வறட்சி என்றே மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒரு தோல் மருத்துவர் பார்த்ததும், வெளிப்புறத் தோல் சிகரெட் தாளைப்போல் வெளுத்துச் சுருங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டி, லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்னும் தோல் நோய் என்றார். அதற்கு ஈஸ்ட்ரோஜன் மருந்தல்ல, குளோபிடசால் என்னும் கடுமையான ஸ்டீராய்டு களிம்பை அவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்குப் போட வேண்டும். விட்டுவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், அபூர்வமாகப் புற்றாகவும் மாறக்கூடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை காட்டிக்கொள்கிறேன். இதுவும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. சில இடங்களில் மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சிக்கு லேசர் சிகிச்சை என்று பெரிய தொகை கேட்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். 2018இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. 2021இல் ஆஸ்திரேலியாவில் 85 பெண்களை வைத்து, பாதிப் பேருக்கு லேசரும் பாதிப் பேருக்கு வெறும் பாவனையும் செய்து ஓராண்டு பார்த்ததில் இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அந்தப் பணத்தை முடிந்துகொள்ளுங்கள்.

சித்திரைப்பூ எழுதியது:

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாம்பத்தியம் என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு இறுகிவிடுகிறது. கடைசி முறை இரத்தமே வந்துவிட்டது. அவர் கோபப்படுபவர் அல்ல. ஆனால் நான் விலகிப் போவதாக நினைத்து அவர் இப்போது கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.

வெள்ளுடுப்பு எழுதியது:

மன்னிப்புக் கேட்க இதில் ஒன்றுமில்லை, அம்மா. மெலிந்த தோல் உரசலில் கிழிகிறது. ஒரு முறை வலித்த பிறகு, அடுத்த முறை வலிக்கும் முன்பே இடுப்புத் தசைகள் தாமாக இறுகிக்கொள்கின்றன, அந்த இறுக்கமே மறுபடியும் வலியைத் தருகிறது. இதில் உங்கள் மனத்தில் குறை எதுவும் இல்லை. தோல் தேறும் வரை நிறுத்தி வையுங்கள், நிறுத்தியதற்குக் காரணம் இன்னதென்று அவரிடம் சொல்லுங்கள், வாயால் சொல்ல வரவில்லையென்றால் இந்த இழையையே காட்டுங்கள். தேறிய பிறகு வாசனையோ குளிர்ச்சியூட்டும் பொருளோ இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கும் ஜெல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இறுக்கம் அப்போதும் விடவில்லையென்றால் இடுப்புத் தசைகளைத் தளர்த்தப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். இரத்தம் வந்ததை மட்டும் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். உரசலால் வந்ததாகவே இருக்கலாம், ஆனாலும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் எந்த இரத்தத்துக்கும் ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமனைப் பார்க்காமல் விடக் கூடாது.

தாமிரபரணிக்கரை எழுதியது (பதினொரு வாரங்களுக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி சொல்லவும், நடந்ததைச் சொல்லவும் வந்தேன். செவிலியர் அம்மா சொன்னபடி நான்கு வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டு ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். வாசிக்கும்போது குரல் நடுங்கியது. அவர் தாளை வாங்கித் தானே படித்துவிட்டு, உடனே பரிசோதனை அறைக்கு அழைத்துப் போனார். குழந்தைகளுக்குப் பயன்படுத்துவதுபோன்ற சிறிய கருவியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே செய்தார். உட்பக்கம் வெளிர்ந்து, மடிப்பே இல்லாமல், தொட்டால் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும் நிலையில் இருக்கிறது என்றார். வெளிப்பக்கம் சிவந்து கோடு கோடாக வெடித்திருந்ததாம். கசிவை எடுத்து அனுப்பியதில் பூஞ்சை இருப்பது உறுதியானது. அம்மா சொன்னதுபோலவே இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கின்றன.

சர்க்கரை மருத்துவர் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார், கேட்ட மாத்திரத்தில் மறுப்பே சொல்லவில்லை. பூஞ்சைக்கு மருந்து முடித்த பத்தாவது நாள் அதே கிரீமை மறுபடி தொடங்கினேன். இந்த முறை குழலில் நிரப்பாமல், விரல் நுனியில் ஒரு கொண்டைக்கடலை அளவு எடுத்து வாசலிலும் சற்று உள்ளேயும் முதல் வாரம் தடவச் சொன்னார். முதல் நான்கு நாள் எரிந்தது, கால் மணி நேரம் இருந்து தணிந்தது. ஆறாம் நாள் எரியவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து குழலால் உள்ளே வைத்தேன். ஐந்தாம் வாரம் பள்ளியில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, மூன்று மணி நேரமாக அதே மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மணி அடித்த பிறகுதான் கவனித்தேன்.

இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. இதை எவ்வளவு காலம் போட வேண்டும்? சிறுநீர் எரிச்சல் முக்கால்வாசி போய்விட்டது, அது கிரீமால்தானா?

வெள்ளுடுப்பு எழுதியது:

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு நிறைவாக இருந்தது.

சிறுநீர் எரிச்சல் தணிந்ததில் பூஞ்சை போனதற்கும் பங்கு உண்டு, கிரீமுக்கும் உண்டு. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்துகொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 93 பெண்களிடம் இதே எஸ்ட்ரியால் கிரீமை எட்டு மாதம் சோதித்து 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெற்றுக் கிரீம் போட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது, எஸ்ட்ரியால் போட்டவர்களுக்கு 0.5 முறைதான். உங்களுக்கு எழுதிய அந்த இரண்டாவது ஆன்டிபயாடிக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

காலம் பற்றி: முழுப் பலன் தெரியப் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய நிலை திரும்பும், ஏனென்றால் காரணம் அப்படியே இருக்கிறது. வாரம் இரண்டு முறை, தேவைப்படும் வரை, பலருக்கு வாழ்நாள் முழுதும். ஆண்டுக்கொரு முறை மருத்துவரைப் பார்த்துத் தொடர வேண்டும். நீங்கள் எச்.ஆர்.டி. மாத்திரையும் எடுப்பதால், முதல் ஆறு மாதத்தைத் தாண்டி இரத்தம் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே போய்க் காட்டுங்கள். வாரத்தில் எந்த இரண்டு நாள் என்பதை மட்டும் மறக்காதபடி முடிவு செய்துகொள்ளுங்கள், பலர் தவறுவது அதில்தான்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

அதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன், அம்மா. செவ்வாயும் வெள்ளியும். சின்ன வயதிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள்கள் என்பதால் தானாகவே நினைவுக்கு வருகின்றன. காலையில் தலைக்கு எண்ணெய், இரவு படுக்கும் முன் கிரீம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இப்போது எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். என் மகள் அது என்ன என்று கேட்டாள், சொன்னேன்.